வீரர்கள் மாறுகிறார்கள், பயிற்சியாளர் மாறுகிறார், ரசிகர் மட்டும் ஏன் மாறுவதில்லை?

கேள்வி இதுதான்: ஒரு கால்பந்து கிளப்பில் ஆடும் 11 பேரும் ஐந்தாறு ஆண்டுகளில் ஏறக்குறைய முழுதாக மாறிவிடுகிறார்கள். பயிற்சியாளர் அதற்கும் முன்பே போய்விடுகிறார். முதலாளி கைமாறுகிறார், ஜெர்சியில் இருக்கும் விளம்பரம் மாறுகிறது, சில சமயம் ஸ்டேடியமே வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. எதுவுமே நிலையில்லாத இப்படிப்பட்ட ஒன்றோடு ஒருவர் ஆயுள் முழுக்க எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறார்? அந்த ஒட்டுதல் எங்கே தொடங்குகிறது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் அணியை நேரடியாகப் பிடித்துக்கொள்வது அபூர்வம். முதலில் ஓர் ஆள் கிடைக்கிறார். அவர் வழியாக அணி கிடைக்கிறது. பிறகு தோல்விகள் வருகின்றன. அந்தத் தோல்விகளை யாரோடு உட்கார்ந்து தாங்கினோமோ அவர்களோடுதான் பிணைப்பு இறுகுகிறது. கிளப்பின் பெயர், அந்த ஆட்களையும் அந்த வருஷங்களையும் சேர்த்துக் கட்டியிருக்கும் கயிறு. வீரர்கள் வந்து போவது அந்தக் கயிற்றைப் பெரிதாக அசைப்பதில்லை.

இனி விரிவாக.

இங்கிலாந்தில் தொழில்முறைக் கால்பந்து உருவான காலத்தில் "நீ எந்த அணி?" என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. வேலை செய்யும் பட்டறையோ, போகும் தேவாலயமோ, குடியிருக்கும் பகுதியோ அதை முடிவு செய்துவிடும். இன்றைய மான்செஸ்டர் யுனைடெட், 1878-இல் ரயில்வே பெட்டிப் பட்டறைத் தொழிலாளர்கள் தொடங்கிய நியூட்டன் ஹீத் அணிதான். ஆர்சனல் 1886-இல் வுல்விச் ஆயுதத் தொழிற்சாலையில் பிறந்தது. வெஸ்ட் ஹாமின் வேர் 1895-இல் தேம்ஸ் கரையிலிருந்த ஒரு கப்பல் கட்டும் தளத்தில் இருக்கிறது. எவர்ட்டன் ஒரு தேவாலய அணியாகத் தொடங்கியது. ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவின் செல்டிக் 1887-இல் தொடங்கப்பட்டதன் நோக்கம், வறுமையில் வாடிய ஐரிஷ் குடியேறிகளின் பிள்ளைகளுக்கு உணவளிக்க நிதி திரட்டுவது. 1850-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஜவுளி ஆலைகளில் சனிக்கிழமை வேலையைப் பிற்பகல் 2 மணியோடு முடிக்க வழிசெய்தது. சனி பிற்பகல் 3 மணிக்கு ஆட்டம் என்ற வழக்கம் வளர்ந்தது அந்த அரைநாள் ஓய்வில்தான். காலை முழுக்கப் பக்கத்தில் நின்று வேலை செய்தவனே பிற்பகலில் கேலரியிலும் பக்கத்தில் நின்றான்.

அந்தப் பட்டறைகளும் சுரங்கங்களும் பெரும்பாலும் இன்று இல்லை. ஜெர்மனியின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. ஆனால் கெல்சன்கிர்ஷனில் இருக்கும் ஷால்கே கிளப்பின் ஸ்டேடியத்தில், வீரர்கள் மைதானத்துக்கு வரும் பாதையை நிலக்கரிச் சுரங்கம் போலவே அமைத்திருக்கிறார்கள். சுரங்கத் தொழிலாளியின் பேரன் இன்று கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். தாத்தா என்ன வேலை செய்தார், எங்கே செய்தார் என்பதை வாரம் தவறாமல் அவனுக்கு நினைவூட்ட அந்த ஊரில் மிஞ்சியிருப்பவற்றில் கிளப் முக்கியமானது. அவனுடைய விசுவாசம் ஆட்டத்தோடு மட்டும் சம்பந்தப்பட்டது என்று நினைத்தால் பாதியைத் தவறவிடுவோம்.

குடும்பம் வழியாக வருவதுதான் இன்றும் வலுவான பாதை. ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு ஆஃப்சைடு விதி புரியாது, நான்கு பேர் நிற்கும் தற்காப்பு வரிசை புரியாது. ஆனால் வீட்டில் இருக்கும் பெரியவர் எந்தக் கணத்தில் எழுந்து நிற்கிறார், எதற்குத் தலையில் கைவைக்கிறார் என்பது தெளிவாகப் புரியும். எப்போதும் வேலையாக இருக்கும் அப்பாவோ மாமாவோ அந்த இரண்டு மணி நேரம் தன் பக்கத்தில் இருக்கிறார் என்பது இன்னும் நன்றாகப் புரியும். குழந்தை முதலில் விரும்புவது அந்த நெருக்கத்தை. அணியின் நிறமும் பாட்டும் அதோடு கூடவே உள்ளே போய்விடுகின்றன. பல வருஷம் கழித்து அந்தப் பெரியவர் இறந்த பிறகும் மகனோ மகளோ அதே இருக்கைக்குப் போய் உட்காருவதற்குக் காரணம் இதுவே.

வயதுக்கு ஒரு பங்கு உண்டு என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்கப் பேஸ்பால் ரசிகர்களைப் பற்றிய பேஸ்புக் தரவுகளை ஆராய்ந்த சேத் ஸ்டீபன்ஸ்-டேவிடோவிட்ஸ், ஆண்களிடம் ஒரு தெளிவான போக்கைக் கண்டார்: தங்களுக்கு 8 வயதையொட்டி இருக்கும்போது சாம்பியன் ஆன அணியோடு அவர்கள் வளர்ந்த பிறகும் அதிகமாக ஒட்டியிருந்தார்கள். விளையாட்டு வேறு என்றாலும், கால்பந்து பார்க்கும் கூட்டத்திலும் இதற்கு இணையானதைக் காண்கிறோம். ஒரே நாட்டில் ஐந்து வயது இடைவெளியில் பிறந்தவர்கள் வெவ்வேறு கிளப்களின் பக்கம் சாய்ந்திருப்பார்கள். அவரவர் பள்ளிக்கூடத்தில் படித்தபோது யார் கோப்பையைத் தூக்கினார்கள் என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

வேறு வாசல்களும் உண்டு. ஒரு வீரரின் ஆட்டம், ஜெர்சியின் நிறம், வீடியோ கேமில் எடுத்து ஆடிய அணி, நண்பர்களில் எல்லோரும் ஒரு பக்கம் போனதால் வீம்புக்கு எதிர்ப்பக்கம் போனது, இப்படி எதுவும் தொடக்கமாக இருக்கலாம். தொடக்கம் அற்பமாக இருப்பதால் பின்னால் வளரும் பற்றும் அற்பம் என்று ஆகாது. வீரர் வழியாக வருபவர்கள் மட்டும் சற்றுத் தனி. மெஸ்ஸி பார்சிலோனாவிலிருந்து பாரிஸுக்கும் பிறகு மயாமிக்கும் போனபோது கூடவே ஒரு பெரிய கூட்டம் போனது. அவர்கள் மெஸ்ஸிக்கு விசுவாசமானவர்கள். அதிலும் குறை இல்லை. ஆனால் மெஸ்ஸிக்காக வந்து, அவர் போன பிறகும் பார்சிலோனாவிலேயே தங்கிவிட்டவர்களும் ஏராளம். இரு சாராரும் ஒரே வாசலில் நுழைந்தவர்கள். தங்கியவர்களுக்கு இடையில் வேறு ஏதோ கிடைத்திருக்கிறது.

அந்த "வேறு ஏதோ" என்ன என்பதில் உளவியலாளர்கள் நிறைய உழைத்திருக்கிறார்கள். டேனியல் ஃபங்க், ஜெஃப் ஜேம்ஸ் இருவரும் 2001-இல் ஒரு நான்கு படி வரைவை முன்வைத்தார்கள்: அணியை அறிவது, அதனால் ஈர்க்கப்படுவது, அதோடு ஒட்டிக்கொள்வது, கடைசியில் விசுவாசம். பயனுள்ள வரைவுதான். ஆனால் அது படிக்கட்டு போலத் தெரிவதால், ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டே போனால் தானாக மேலே ஏறிவிடலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நான் கவனித்தவரை அப்படி நடப்பதில்லை. பத்து ஆண்டுகள் விடாமல் பார்த்தும் வெறும் பார்வையாளராகவே இருப்பவர்கள் உண்டு. ஒரே சீசனில் முழுதாக உள்ளே இழுக்கப்பட்டவர்களும் உண்டு. தனியாகப் பார்த்தாரா, கூட்டமாகப் பார்த்தாரா என்பதே பெரும்பாலும் அந்த வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெலின் புகழ்பெற்ற சோதனை இங்கே உதவும். பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பள்ளி மாணவர்களை அவர் இரண்டு குழுவாகப் பிரித்தார். பிரித்ததற்குக் காரணமாகச் சொன்னது, இரண்டு ஓவியர்களில் யாருடைய படம் பிடித்தது என்பது போன்ற சின்ன விஷயம். யார் எந்தக் குழுவில் என்பதுகூட மற்ற மாணவர்களுக்குத் தெரியாது. இருந்தும், பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தன் குழுவுக்கே அதிகம் ஒதுக்கினார்கள். 1971-இல் வெளியான இந்த ஆய்வு காட்டியது இதுதான்: "நம்ம ஆட்கள்" என்ற கோடு விழுவதற்கு மனிதனுக்குக் கிட்டத்தட்ட எந்தக் காரணமும் வேண்டாம். சாதாரண ஓவியத் தேர்வே இதைச் செய்யுமென்றால், நிறமும் பாட்டும் கொடியும் நூறாண்டு வரலாறும் உள்ள ஒரு கிளப் என்ன செய்யும் என்று கற்பனை செய்துகொள்ளலாம்.

அந்தக் கோட்டுக்குள் வந்த பிறகு அணியின் வெற்றி தோல்வி நம்முடையதாகிறது. ராபர்ட் சியால்டினியும் சகாக்களும் 1976-இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், அமெரிக்கக் கால்பந்தை (பந்தைக் கையில் பிடித்து ஓடும் வேறு விளையாட்டு) வைத்து நடந்தது. சனிக்கிழமை தங்கள் பல்கலைக்கழக அணி ஜெயித்திருந்தால் திங்கட்கிழமை வகுப்புக்குப் பல்கலைக்கழகப் பெயர் பொறித்த உடையில் வரும் மாணவர்கள் அதிகமானார்கள். ஜெயித்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் "நாங்கள்" என்று பேசுவது கூடியது. தோற்ற ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் அது குறைந்தது. வெற்றியில் ஒட்டிக்கொள்வதும் தோல்வியில் விலகிக்கொள்வதும் மனித இயல்பு. இதையே பிறகு எட்வர்ட் ஹர்ட்டும் குழுவினரும் 1992-இல் வேறு பக்கத்திலிருந்து பார்த்தார்கள். தன் கூடைப்பந்து அணி தோற்றதைப் பார்த்த தீவிர ரசிகர்கள், அதன்பின் தங்கள் சொந்தத் திறமையையே குறைத்து மதிப்பிட்டார்கள். அதாவது தீவிர ரசிகரால் விலகிக்கொள்ள முடிவதில்லை. தோல்வி அவர் மீதே விழுகிறது.

சாதாரண ரசிகரையும் விசுவாசமானவரையும் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது. தோற்ற மறுநாள் அவர் யாரைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுகிறார் என்று கவனியுங்கள். "நேத்து அவனுங்க சொதப்பிட்டானுங்க" என்பவர் இன்னும் வெளியே நிற்கிறார். "நேத்து சொதப்பிட்டோம்" என்பவர் உள்ளே வந்துவிட்டார்.

சரி, தோல்வி இவ்வளவு வலிக்கிறது என்றால் ரசிகர் விலகிப் போகத்தானே வேண்டும்? நடப்பது நேர்மாறு. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகள் மார்த்தா நியூசனும் ஹார்வி வைட்ஹவுசும் மற்றவர்களும் சேர்ந்து செய்தவை. இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீகில் பத்தாண்டுகளில் மிகச் சிறப்பாக ஆடிய ஐந்து கிளப்களின் ரசிகர்களையும், மிக மோசமாக ஆடிய ஐந்து கிளப்களின் ரசிகர்களையும் ஒப்பிட்டார்கள். முதல் வகையில் ஆர்சனல், செல்சீ, லிவர்பூல், இரு மான்செஸ்டர் அணிகள். இரண்டாவது வகையில் கிரிஸ்டல் பேலஸ், ஹல், நார்விச், சண்டர்லாண்ட், வெஸ்ட் பிராம்விச். 2021-இல் வெளியான முடிவின்படி, ஒருவரோடொருவர் அதிகம் பிணைந்திருந்தது தோற்றுக்கொண்டே இருந்த கிளப்களின் ரசிகர்கள்தான். சக ரசிகர்களுக்காக எவ்வளவு தூரம் போவீர்கள் என்று கேட்டபோதும் அவர்களே அதிக தூரம் போனார்கள்.

இதற்கு அவர்கள் தரும் விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. கூட்டமாகப் பட்ட வலி மனதில் ஆழமாகப் பதிகிறது. அதைத் திரும்பத் திரும்ப நினைக்கிறோம், பேசுகிறோம். நாளடைவில் "நான் யார்" என்பதன் ஒரு பகுதியாகவே அது ஆகிவிடுகிறது. அதே நிகழ்வு மற்றவர்களிடமும் அதே தடத்தைப் பதித்திருக்கிறது என்று தெரியும்போது, முன்பின் தெரியாத அந்த மற்றவர் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிடுகிறார். 2014 உலகக் கோப்பையின்போது பிரேசிலில் ரசிகர்களின் எச்சிலில் இருந்த கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை இதே ஆய்வாளர்கள் அளந்தார்கள். ஜெர்மனியிடம் 7-1 என்று தோற்ற அரையிறுதியில் அது உச்சத்துக்குப் போனது. அணியோடு மிக அதிகம் பிணைந்தவர்களிடமே மிக அதிகமாக இருந்தது. அவர்கள் மிகைப்படுத்தி நடிக்கவில்லை, உடம்பே அப்படி வினைபுரிகிறது.

கால்பந்தின் அமைப்பும் இதற்குத் துணைபோகிறது. பெரும்பாலான சீசன்களில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக மூன்று கோல்கூட விழுவதில்லை. கோல் இவ்வளவு அரிது என்பதால், 85 நிமிடம் ஆதிக்கம் செலுத்திய அணி ஒரே கார்னரில் தோற்றுப்போகும். நியாயமான முடிவு கிடைக்காமல் போகும் வாய்ப்பு மற்ற பல விளையாட்டுகளைவிட இதில் அதிகம். மோசமான அணியின் ரசிகருக்கு இது என்றும் அணையாத நம்பிக்கையைக் கொடுக்கிறது: இந்த வாரம் நடக்கலாம். நரம்பியலில் இதை விளக்க உதவும் ஒரு கண்டுபிடிப்பு உண்டு. உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குழுவினர் 2003-இல் குரங்குகளிடம் காட்டியது: பரிசு கிடைக்குமா கிடைக்காதா என்பது சரிபாதி நிச்சயமின்மையில் இருக்கும்போதுதான், காத்திருக்கும் நேரத்தில் டோபமைன் (பரிசு உணர்வோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருள்) நரம்பணுக்களின் இயக்கம் அதிகமாகிறது. காத்திருப்பே ஒரு போதை.

சண்டர்லாண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிப்பட்டியலில் கடைசியாக வரும் அணிகள் கீழ் டிவிஷனுக்குப் போகவேண்டும்; அப்படி 2017-இல் பிரீமியர் லீகிலிருந்து கீழே இறங்கினார்கள். அடுத்த ஆண்டே அதற்கும் கீழே, மூன்றாவது டிவிஷனுக்குப் போனார்கள். அந்த 2018-இன் டிசம்பர் 26 அன்று, மூன்றாவது டிவிஷனில் பிராட்ஃபோர்ட் சிட்டிக்கு எதிரான ஆட்டத்துக்கு வந்தவர்கள் 46,039 பேர். ஐரோப்பாவின் பல நாடுகளில் முதல் டிவிஷன் சாம்பியனுக்குக்கூட அவ்வளவு கூட்டம் வருவதில்லை. கப்பல் கட்டும் தொழிலும் சுரங்கமும் போன ஊர் அது. எல்லாம் போன பிறகும் போகாமல் இருக்கும் ஒன்றை விட்டுவிட அவர்களுக்கு மனமில்லை. 2025 மே மாதம் அவர்கள் பிரீமியர் லீகுக்குத் திரும்பினார்கள். அந்த நாளின் சந்தோஷம் 2018-இல் அந்தக் குளிரில் வந்து உட்கார்ந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை, நேற்று வந்து சேர்ந்த ரசிகரால் முழுதாக உணர முடியாது. ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவோ 1984-க்குப் பிறகு 40 ஆண்டுகள் காத்திருந்து 2024-இல் அந்நாட்டுக் கோப்பையான கோபா டெல் ரே வென்றபோதும் அப்படித்தான். பாஸ்க் பகுதியோடு தொடர்புள்ள வீரர்களை மட்டுமே ஆடவைக்கும் கிளப் அது. உலகச் சந்தையில் யாரையும் வாங்கலாம் என்ற காலத்திலும் அந்தக் கொள்கையை அவர்கள் கைவிடவில்லை. கோப்பைகள் குறையும் என்று தெரிந்தே ரசிகர்கள் அதை ஆதரித்தார்கள்.

விசுவாசம் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க வேண்டுமென்றால் நான் பெர்லினைத்தான் காட்டுவேன். யூனியன் பெர்லின், கிழக்கு ஜெர்மனியில் இருந்த ஒரு சிறிய கிளப். 2004-இல் பணமில்லாமல், லீகில் ஆடுவதற்கான லைசென்ஸ் பறிபோகும் நிலை வந்தது. ரசிகர்கள் ரத்த தானம் செய்தார்கள். அதற்குக் கிடைக்கும் தொகையைக் கிளப்புக்குக் கொடுத்தார்கள். 2008, 2009-இல் பழைய ஸ்டேடியத்தைப் புதுப்பித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் வந்தபோது 2,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் சம்பளமில்லாமல் வந்து வேலை செய்தார்கள். மொத்தம் ஏறக்குறைய 1,40,000 மணி நேர உழைப்பு என்று கணக்கிடப்பட்டது. சிமெண்ட் கலக்கினார்கள், படிகள் கட்டினார்கள். இப்போது அந்தக் கேலரியில் நிற்பவர்களில் பலர் தாங்களே கட்டிய படியில் நிற்கிறார்கள்.

2003-இல் கிறிஸ்துமஸுக்கு முன்னால், அணி மோசமாக ஆடிக்கொண்டிருந்த நேரத்தில், 89 ரசிகர்கள் இருட்டில் ஸ்டேடியத்துக்குள் நுழைந்து பாட்டுப் பாடினார்கள். இன்று ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 23 அன்று அங்கே பல்லாயிரம் பேர் கூடிப் பாடுகிறார்கள். ஆட்டமே கிடையாது, பாட்டு மட்டும்தான்.

2019-இல் யூனியன் முதன்முறையாக ஜெர்மனியின் முதல் டிவிஷனான புண்டெஸ்லிகாவுக்கு வந்தது. ஆகஸ்டில் லைப்சிக்குக்கு எதிராக முதல் ஆட்டம். அன்று ரசிகர்கள், அந்த நாளைப் பார்க்காமலே இறந்துபோன சக ரசிகர்களின் நூற்றுக்கணக்கான படங்களைப் பெரிதாக அச்சடித்துக் கையில் ஏந்தி நின்றார்கள். அப்பாவின் படம், மனைவியின் படம், கேலரியில் பக்கத்தில் நின்ற நண்பரின் படம். ஆட்டத்தில் 0-4 என்று தோற்றார்கள். யார் வீட்டில் கேட்டாலும் அன்று ஸ்கோர் என்ன என்பதைவிட யார் படத்தைத் தூக்கிப் பிடித்தார்கள் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள் என்று நம்புகிறேன்.

"எதற்கு விசுவாசம்?" என்ற கேள்விக்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது. மீதி விடை, கிளப்புக்கும் அதை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையில் பிளவு வரும்போது தெரியும்.

லண்டனில் விம்பிள்டன் கிளப்பை ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தள்ளியுள்ள மில்டன் கீன்ஸுக்கு மாற்ற அதன் உரிமையாளர்கள் விரும்பினார்கள். 2002 மே 28 அன்று, கால்பந்துச் சங்கம் அமைத்த மூவர் குழு ஒன்று, இருவர் ஆதரவு ஒருவர் எதிர்ப்பு என்ற கணக்கில் அதற்கு அனுமதி கொடுத்தது. சட்டப்படி கிளப் போய்விட்டது: வீரர்கள், லீகில் இருந்த இடம், எல்லாமே. ரசிகர்கள் என்ன செய்தார்கள்? சில வாரங்களில் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று புதிய கிளப் ஒன்றைத் தொடங்கினார்கள். விம்பிள்டன் காமன் என்ற பொது வெளியில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்துத் தேர்வு நடத்தினார்கள். 230 பேர் வந்தார்கள். அடிமட்ட லீகில் தொடங்கி, ஒன்பது ஆண்டுகளில் ஐந்து முறை மேலே ஏறி, 2011-இல், நாட்டின் மேல்நிலை டிவிஷன்களைச் சேர்ந்த ஃபுட்பால் லீகுக்குள் நுழைந்தார்கள். 2020 நவம்பரில் தங்கள் பழைய பகுதியான பிளவ் லேனில் புதிய ஸ்டேடியத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கிலும் இதே கதை. 2005-இல் ரெட்புல் நிறுவனம் கிளப்பை வாங்கி, ஊதா-வெள்ளை நிறத்தை எடுத்துவிட்டுத் தன் நிறத்தைக் கொண்டுவந்தது. பழைய ரசிகர்களில் ஒரு பகுதியினர் வெளியேறி, ஊதா நிறத்தோடு புதிய கிளப்பைத் தொடங்கி, ஏழாவது டிவிஷனிலிருந்து ஆடத் தொடங்கினார்கள். ரெட்புல் அணியோ பல ஆண்டுகள் கோப்பை வாங்கியது, சாம்பியன்ஸ் லீகில் ஆடியது. வெற்றிதான் விசுவாசத்தின் அடிப்படை என்று சொல்பவர்கள் இதற்கு என்ன விளக்கம் தருவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

2021 ஏப்ரல் 18 அன்று 12 பெரிய கிளப்கள் சேர்ந்து ஐரோப்பிய சூப்பர் லீக் அறிவித்தபோதும் முதலில் எதிர்த்து எழுந்தது அந்தக் கிளப்களின் சொந்த ரசிகர்களே. இரண்டு நாளில், செல்சீ ரசிகர்கள் தங்கள் அணியின் பேருந்தையே ஸ்டேடியத்துக்கு வெளியே மறித்தார்கள். அன்றிரவுக்குள் ஆறு இங்கிலாந்து கிளப்களும் பின்வாங்கின. அதில் சேர்ந்திருந்தால் தங்கள் அணிக்குக் கோடிக்கணக்கில் பணம் வந்திருக்கும் என்று அந்த ரசிகர்களுக்குத் தெரியும். கீழே இறங்கும் ஆபத்தே இல்லாத லீக் தங்களுக்கு வேண்டாம் என்றார்கள். தோற்றுப்போகும் சாத்தியத்தைப் பாதுகாக்கத் தெருவுக்கு வந்தார்கள் என்றே நான் இதைப் பார்க்கிறேன்.

எதிரி அணியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. டெர்பி (ஒரே ஊரின் அல்லது பக்கத்து ஊர்களின் எதிரி அணிகள் மோதும் ஆட்டம்) என்ற ஒன்று இல்லாவிட்டால் பாதி ரசிகர்களின் பற்று இந்த அளவு சூடாக இருக்காது. யார் நாம் என்பது, யார் நாம் இல்லை என்பதால் கூர்மையாகிறது. மார்க் லெவினின் குழு 2005-இல் வெளியிட்ட சோதனை அழகானது. மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களான மாணவர்கள் நடந்துபோகும் வழியில் ஒருவர் ஓடிவந்து கீழே விழுந்து அடிபட்டதுபோல் நடிப்பார். யுனைடெட் ஜெர்சி அணிந்திருந்தால் பெரும்பாலோர் உதவினார்கள். லிவர்பூல் ஜெர்சி என்றால் உதவியவர்கள் குறைவு. அடுத்த சோதனையில் முன்கூட்டியே அவர்களிடம் பொதுவாகக் "கால்பந்து ரசிகராக இருப்பது" பற்றிப் பேசவைத்தார்கள். இப்போது லிவர்பூல் ஜெர்சிக்காரருக்கும் உதவினார்கள். ஜெர்சி அணியாதவருக்குத்தான் உதவி குறைந்தது. கோடு அழிவதில்லை, நகர்கிறது.

கொல்கத்தாவில் இது ஊரறிய நடந்தது. 1889-இல் தொடங்கிய மோகன் பகானும் 1920-இல் தொடங்கிய ஈஸ்ட் பெங்காலும் ஆசியாவின் மிகப் பழைய பகைகளில் ஒன்று. பிரிவினையில் கிழக்கு வங்கத்திலிருந்து எல்லாம் இழந்து வந்தவர்களுக்கு ஈஸ்ட் பெங்கால்தான் அடையாளமாக இருந்தது. 2024 ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த டெர்பி ரத்தானது. மருத்துவமனையில் கொல்லப்பட்ட பயிற்சி மருத்துவருக்கு நீதி கேட்டு ஊரே கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம். அன்று ஸ்டேடியத்துக்கு வெளியே இரண்டு அணிகளின் ரசிகர்களும் அவரவர் நிறத்தோடு ஒன்றாக நின்று குரல் எழுப்பினார்கள்.

இந்தப் பற்றுக்குக் கெட்ட முகமும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1985-இல் பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் ஸ்டேடியத்தில் ரசிகர்கள் மோதியதில் 39 பேர் இறந்தார்கள். 2006 உலகக் கோப்பையின்போது ஜெர்மனி ஆடிய நாட்களில் மியூனிக் பகுதியில் அவசர இதயச் சிக்கல்கள் வழக்கத்தைவிட 2.66 மடங்கு கூடின என்று 2008-இல் ஒரு மருத்துவ ஆய்வு காட்டியது. இதயநோய் உள்ளவர்கள் பெனால்டி ஷூட்-அவுட்டை எழுந்து போய்த் தவிர்ப்பது கோழைத்தனம் ஒன்றும் இல்லை.

கடைசியாக, ஸ்டேடியத்துக்கு ஒருமுறைகூடப் போகாமல், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, நடு இரவில் திரையில் பார்த்து ரசிகரானவர்களைப் பற்றி. இவர்களைப் "பிளாஸ்டிக் ரசிகர்கள்" என்று கேலி செய்யும் வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஊர்க்காரருக்கு ஊர் தானாகக் கொடுத்ததை இவர்கள் சொந்த முயற்சியில் சேர்க்கிறார்கள். தூக்கத்தை விடுகிறார்கள், நேர வித்தியாசத்தை மனப்பாடம் செய்கிறார்கள், ஒரு வாட்ஸ்அப் குழுவிலோ நண்பர் வீட்டு வரவேற்பறையிலோ தங்களுக்கென ஒரு கேலரியை உருவாக்கிக்கொள்கிறார்கள். தோற்ற பிறகு அதிகாலை மூன்று மணிக்கு "சே" என்று ஒரே வார்த்தையில் செய்தி அனுப்ப ஓர் ஆள் இருந்தால், அங்கே விசுவாசம் உருவாகத் தேவையான எல்லாமே இருக்கிறது. அப்படி ஓர் ஆள் இல்லாதவர்கள்தான் பெரும்பாலும் இரண்டு சீசனில் அணி மாறிவிடுகிறார்கள்.

ஆகவே, "எனக்கும் ஓர் அணி வேண்டும், எப்படித் தேர்ந்தெடுப்பது?" என்று கேட்டால் நான் சொல்வது: புள்ளிப்பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களுக்குப் பிடித்த ஒருவர் ஏற்கெனவே எந்த அணியைப் பார்க்கிறாரோ அதைப் பாருங்கள். பெரிய ஆட்டங்களை மட்டும் பொறுக்காமல், பிப்ரவரி மாதத்தில் நடுவரிசை அணியோடு 0-0 என்று முடியும் ஆட்டத்தையும் உட்கார்ந்து பாருங்கள். ரிசர்வ் கோல்கீப்பரின் பெயர் தெரியும் அளவுக்கு ஒரு முழு சீசன் இருங்கள். மே மாதத்தில் லீக் முடிந்து, ஜூனில் அடுத்த சீசனின் அட்டவணை வெளியாகும். அந்த அறிவிப்பு வந்ததும் உங்கள் கை தானாக முதலில் டெர்பி எந்தத் தேதியில் என்று தேடினால், நீங்கள் அணியைத் தேடும் வேலை முடிந்துவிட்டது.